ஜெனிற்றாவின் வீடும் என் தம்பியின் வாயும்

என் தம்பி டிலுக்ஷனுக்கு நல்ல குரல். ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வாவிக்கரை ஊர்களெல்லாம் மரண அறிவித்தல் சொல்லிப் போவது அவன் தொழில். “அன்னாரின் இறுதி ஆராதனை நாளை மாலை…” என்று அவன் இழுக்கிற இழுவையில், செத்தவரை முன்பின் தெரியாதவர்களும் வாசலுக்கு வந்து கண்ணைத் துடைப்பார்கள். திருவிழா, தண்ணீர் வெட்டு, டெங்கு ஒழிப்பு எல்லாவற்றுக்கும் அவன்தான். மைக்கைக் கையிலிருந்து வாங்கிவிட்டால் அந்த வாய்க்குள் ஒன்றும் இல்லை. இதை என் மச்சாள் ஜெனிற்றா அவனைக் கட்டி ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டாள். எனக்கு அவன் காற்சட்டை போடத் தொடங்கிய நாளிலிருந்தே தெரியும்.

ஜெனிற்றா கேக் செய்கிறவள். பிறந்தநாள், கல்யாணம், கோயிலில் பிள்ளைகளின் முதல்நன்மை, எதுவானாலும் வீட்டிலேயே செய்து கொடுப்பாள். அவள் தாய் குவைத்தில் யார் யாருடைய கோப்பைகளையோ கழுவி, அந்தக் காசில் வாவியைப் பார்க்க ஒரு கல்வீடு கட்டி, மகள் பேரில் எழுதி வைத்துவிட்டுச் செத்துப் போனார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை தன் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவான். அப்படித்தான் என் தம்பியும் போனான். எனக்கும் அம்மா வீட்டை எழுதித் தந்தார். தந்துவிட்டு அதே வீட்டில், அதே கதிரையில் இருந்துகொண்டு, நான் கறிக்கு உப்புப் போடுவதுவரை ஆட்சி செய்கிறார். என் புருஷன் கட்டாரில் நிம்மதியாக இருக்கிறார். நான் ரோட்டோரத்தில் ஒரு சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். அம்மாவின் பெயர் றீற்றா. ஊரில் கேட்டுப் பாருங்கள், அவரைத் தெரியாதவர் இல்லை. அவர் வாயில் விழாதவரும் இல்லை.

ஆறு வருஷத்துக்குப் பிறகு ஜெனிற்றாவுக்குப் பிள்ளை தங்கியது. மூன்றாம் மாதம் ஸ்கேன் எடுக்கப் போனார்கள், புருஷனும் பெண்சாதியுமாக. பிள்ளையின் இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். நின்று சில நாளாகிவிட்டதாம். உடம்புக்குத்தான் இன்னும் தெரியவில்லையாம். டாக்டர் திரையை இரண்டு பேருக்கும் திருப்பிக் காட்டி, இரண்டு பேருக்கும் விளங்கப்படுத்தியிருக்கிறார். வார்ட்டில் கிடக்கலாம், தியேட்டரில் துப்புரவாக்கலாம், இல்லையென்றால் மருந்துக் குளிசை கொண்டுபோய் வீட்டில் போட்டு முடிக்கலாம், எது வேண்டும் என்று கேட்டாராம். ஜெனிற்றா வீட்டைக் கேட்டாள்.

“வார்ட்டில அங்கால ஒருத்தி பிள்ளைக்குப் பால் குடுப்பா, இங்கால ஒருத்தி பிள்ளைக்குப் பேர் தேடுவா. என்னால ஏலா மச்சாள். என்ட வீட்டில, என்ட பாத்ரூமில முடியட்டும். நீங்க மட்டும் வாங்க. வேற ஒருத்தருக்கும் சொல்ல வேணாம்” என்று என்னிடம் போனில் சொன்னாள். அவள் கேட்டது அவ்வளவுதான். பொன்னும் பொருளும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். முதல் நாள் பின்னேரம்வரை அவள் ஆரையம்பதியில் ஒரு வீட்டுக்குக் கேக் முடித்துக் கொடுத்திருக்கிறாள். அது ஒரு வயதுப் பிள்ளையின் பிறந்தநாள் கேக். “ஓடர் எடுத்துப்போட்டன், அந்தப் புள்ள என்ன பாவம் செய்தது” என்றாள். அவளை நினைத்தால் எனக்கு இந்த ஒரு வசனம் போதும்.

எல்லாவற்றையும் அவளே ஆயத்தம் செய்து வைத்திருந்தாள். பழைய படுக்கை விரிப்புகள், பேட், வாளி, வலிக்குக் குளிசை, வயிற்றில் வைக்கச் சுடுதண்ணீர்ப் போத்தல், குடிக்க இஞ்சிப் பிளேன்டீ. முதல் குளிசைகளைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு கட்டிலில் சரிந்தாள். மிச்சக் குளிசைகள் மருந்து உறையோடு ஃப்ரிஜ்ஜின் மேல் இருந்தன. அவற்றை மத்தியானத்துக்குப் பிறகு எடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு பேட் முழுதாக நனைந்தாலோ, காய்ச்சல் விடாமல் காய்ந்தாலோ உடனே வார்ட்டுக்கு வரவேண்டும் என்று டாக்டர் சொல்லி விட்டிருந்தார். என் தம்பி வாசலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தான். நடக்க ஒரு காரணமும் இல்லை. எங்கள் ஆண்பிள்ளைகள் கவலைப்படுவது காலால்தான்.

கொஞ்ச நேரத்தில் கேற் திறக்கிற சத்தம். அம்மா. ஒரு கையில் மந்திரித்த எண்ணெய்ப் போத்தல், மற்றக் கையில் மெழுகில் செய்த குழந்தை. பிள்ளை வரத்துக்கு மாதா கோயிலில் நேர்த்தி வைக்கிறவர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்களே, அந்த மெழுகுப் பிள்ளைதான். கால்மேல் கால் போட்டுக்கொண்டு மஞ்சளாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து ஜெனிற்றாவின் கண்ணுக்கு நேரே மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஜெனிற்றா டிலுக்ஷனைப் பார்த்தாள்.

“அம்மாக்கு மட்டும்தான் சொன்னன்” என்றான்.

அம்மாவுக்கு மட்டும் சொன்னானாம். அதற்கு அவன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டியே ஊருக்குச் சொல்லியிருக்கலாம், பற்றரியாவது இறங்கி ஒரு கட்டத்தில் நின்றிருக்கும்.

“மெசின் பிழைக்கும் புள்ள, மாதா பிழைக்க மாட்டா” என்று அம்மா கட்டில் விளிம்பில் குந்திக்கொண்டார். “குருக்கள்மடத்தில ஒருத்திக்கு இப்பிடித்தான் துடிப்பு இல்ல எண்டு எழுதிக் குடுத்தாங்க. அந்தப் புள்ள இப்ப ஓ.எல். சோதனை எழுதியிருக்கு.”

இந்த ஓ.எல். பிள்ளையை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் என் கடைக்குட்டியைச் சுமந்தபோது அது களுவாஞ்சிகுடியில் இருந்தது, அப்போது அதற்கு ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் தேவைக்கு ஏற்ப ஊர் மாறும், வகுப்பு ஏறும்.

“மாமி, டாக்டர் காட்டினவர். நாங்க ரெண்டு பேரும் பாத்த” என்றாள் ஜெனிற்றா. பிறகு வலி பிடித்துக்கொண்டது, பேச்சு நின்றது.

அந்த வலியை நான் விவரிக்கப் போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். கடைசியில் கையில் ஒரு பிள்ளை கிடைக்கும் என்ற நினைப்பு இல்லாமல் அதே வலியைப் படுவது எப்படி என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். இரத்தம் போனது, நடுக்கம் வந்தது, வாந்தி வந்தது. ஆனால் முழுதாக முடியவில்லை. மத்தியானம் தாண்டியது. மிச்சக் குளிசையை எடுக்கப் போனேன். ஃப்ரிஜ்ஜின் மேல் உறை இல்லை.

ஃப்ரிஜ்ஜை நகர்த்திப் பார்த்தேன். கேக் தட்டுகளுக்குள், மா டின்களுக்குப் பின்னால், குப்பை வாளிக்குள் எல்லாம் தேடினேன். தம்பியும் என்னோடு தேடினான், குனிந்து குனிந்து, கதிரைக்குக் கீழெல்லாம். அம்மா மட்டும் கட்டிலடியில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலே மூன்று தலைமுறையைத் திட்டுகிற மனுசி அமைதியாக இருக்கிறார் என்றால் எனக்கு விளங்காதா?

“அம்மா, குளிசை எங்க?”

“வாவிக்குள்ள.”

அருள்நிறை மரியே சொல்கிற அதே குரலில் சொன்னார். “உயிர் இருக்கிற புள்ளைக்கு ஒரு நாள் அவகாசம் குடுத்தா என்ன? நான் நேத்தி வெச்சிருக்கன். என்னத் திட்டாத. நான் எங்க கிடக்குதெண்டு தேடி எடுக்கல்ல. என்ட மகன்தான் எடுத்துத் தந்தான். அவனுக்காவது இரக்கம் கிடக்கு.”

கதிரைக்குக் கீழே குனிந்திருந்தவன் அப்படியே நின்றான். இவ்வளவு நேரமும், தானே எடுத்துக் கொடுத்ததை எங்களோடு சேர்ந்து தேடியிருக்கிறான்!

ஜெனிற்றா கட்டிலில் எழும்பி இருந்தாள். முகம் வெள்ளைக் கடதாசி மாதிரி. “நீங்க பாத்தீங்கதானே?” என்று அவனிடம் மெல்லக் கேட்டாள். “என்ட கையப் பிடிச்சிக்கொண்டு பாத்தீங்கதானே? ஒண்டும் அசையல்லதானே?”

“அம்மா அழுதா” என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் கன்னத்தில் இரண்டு வைத்திருப்பேன். ஜெனிற்றாவுக்கு நேரம் இல்லை என்பதால் விட்டேன். வார்ட்டுக்குப் போன் பண்ணினேன். நேர்ஸ் மிஸ் ஏசினார். இது கடையில் வாங்குகிற சாமான் இல்லை, கள்ளமாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள், குளிசையை வாங்கும்போது கூட நின்றவர் நேரில் வந்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும் என்றார். கூட நின்றவர் யார்? நமது அறிவிப்பாளர். நான்கு வீடு தள்ளியிருக்கிற தையல்கார அக்காவை ஜெனிற்றாவோடு இருக்கச் சொல்லி, அம்மாவைக் கட்டிலடியிலிருந்து எழுப்பி வாசல் கதிரையில் உட்காரவைத்து, அவனை அவனுடைய ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கி பள்ளம் வரும்போதெல்லாம் கடகடத்தது.

டாக்டர் ஒரு இளம் பெண். “என்ன நடந்தது?” என்று அவனிடம் கேட்டார்.

அவன் தொண்டையைச் செருமினான். மைக்குக்கு முன்னால் செருமுவானே, அதே செருமல். “துலைஞ்சு போச்சு மிஸ். அவ எங்கயோ வெச்சிட்டா.”

கேட்டீர்களா? அவ எங்கயோ வெச்சிட்டா. அங்கே ஒருத்தி இரத்தம் போகக் கிடக்கிறாள். இங்கே இவன் பிழையை அவள் தலையில் போடுகிறான். அதுவும் எவ்வளவு தெளிவான உச்சரிப்பு.

“பொய் மிஸ்” என்றேன். “இவர் எடுத்துத் தாய்க்குக் குடுத்தவர். தாய் வாவிக்குள்ள போட்டுட்டா. அந்தத் தாய் எனக்கும் தாய்தான். புள்ளைக்கு உயிர் திரும்பி வருமாம்.”

டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரைக்கும் சேர்த்து வைத்திருக்கிறேன். பிறகு ஜெனிற்றாவோடு போனில் பேசி, இரத்தம் எவ்வளவு, காய்ச்சல் இருக்கிறதா என்று எல்லாம் கேட்டுவிட்டு, குளிசையை என் கையில் தந்தார். இன்று பொழுது படுமுன் முடியாவிட்டால் வார்ட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

திரும்பி வந்து ஜெனிற்றாவுக்குக் குளிசையைக் கொடுத்தேன். பிறகு அவள் பாத்ரூமுக்குள்ளும், நான் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலிலும் இருந்தோம். கதவைப் பூட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, “மச்சாள், பேசாம இரிக்காதீங்க. என்னவாவது கதைங்க கா” என்றாள்.

என்ன கதைக்க? ஆறுதல் சொல்ல எனக்கு வராது. எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். என் குடும்பத்தைத் திட்டத் தொடங்கினேன். அம்மாவிலிருந்து தொடங்கி, கல்யாண வீட்டில் கறி போதாது என்று எழும்பிப்போன பெரியப்பாவுக்குப் போய், அங்கிருந்து என் புருஷனைப் பிடித்து, அவர் கட்டாரிலிருந்து எனக்கு அனுப்பிய, ஒரு கால் மற்றக் காலைவிடப் பெரிய செருப்புவரை வந்தேன். குரலைக் குறைக்கவும் இல்லை. வாசல் கதிரையில் இருந்த அம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும், கேட்கட்டும். செருப்புக் கதையில் உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. சிரிப்புக்கு நடுவிலேயே ஒரு பெரிய முனகல். பிறகு ஒன்றும் இல்லை.

“மச்சாள்” என்றாள். “முடிஞ்சிது.”

உள்ளே போனேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அழாமல் என்ன செய்வது? என் தம்பியின் பிள்ளை என்பதற்காக இல்லை. இவ்வளவு ஆசையாகக் காத்திருந்த ஒருத்தி, தன் வீட்டில் நிம்மதியாக அழவும் ஒரு நாள் முழுக்கப் போராட வேண்டியிருந்ததே, அதற்காக.

குளித்து உடுப்பு மாற்றிய பிறகு, வந்ததை ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றினாள். வைக்க ஒரு பெட்டி தேடினாள். அந்த வீட்டில் என்ன பெட்டி இருக்கும்? ஒரு கப்கேக் வைக்கிற சின்னப் பெட்டிதான். அதில் வைத்து, நாடாவால் கட்டினாள். ஓடருக்குக் கட்டுகிற அதே முடிச்சு.

பின்வளவில் ஜாம் மரத்தடிக்குப் போனோம். அம்மா பின்னாலேயே வந்தார். “ஞானஸ்நானம் குடுக்காத இதுக்கு இவ்வளவும் என்னத்துக்கு? கோயில் சேமக்காலைக்குள்ள புதைக்கவும் விட மாட்டாங்க” என்றார். காலையில் உயிரோடு இருந்த பிள்ளை பொழுதுபடுகிற நேரத்தில் ‘இது’ ஆகிவிட்டது.

“சேமக்காலையக் கேக்கல்ல மாமி. இது என்ட வளவு” என்றாள் ஜெனிற்றா.

டிலுக்ஷன் மண்வெட்டியை எடுத்தான். தோண்டுவதற்கு வாய் தேவையில்லைதானே.

“வையுங்க அத” என்றாள் அவனிடம். சத்தம் போடவில்லை. அவன் வைத்தான். நான் தோண்டினேன்.

மூடிய பிறகு ஜெனிற்றா வீட்டுக்குள் போய் அந்த மெழுகுப் பிள்ளையை எடுத்துவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். “இது உங்கட நேத்தி மாமி. நீங்களே கொண்டுபோங்க.” அம்மா அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தார். இப்போதும் அது என் அலுமாரியில்தான் இருக்கிறது, என் சேலைகளில் மெழுகு பூசிக்கொண்டு.

அத்தோடு முடிந்திருந்தால் ஜெனிற்றா அவனை மன்னித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் நல்லவள், என்னைப் போல இல்லை. ஆனால் அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனார். பூசை முடிந்து வாசலில் நின்றார். அடுத்த கிழமை ஒரு வீட்டிலிருந்து முதல்நன்மைக் கேக் வேண்டாம் என்று ஜெனிற்றாவுக்குப் போன் வந்தது. குளிசை போட்டுப் பிள்ளையை அழித்த கையால் செய்த கேக் தங்கள் பிள்ளையின் முதல்நன்மைக்கு வேண்டாமாம். கேக் ஓடருக்கு இடைஞ்சல் என்று அழித்தாளாம். இதை என் கடையில் நின்றே ஒருத்தி என்னிடம் சொன்னாள், பருப்பு நிறுக்கச் சொல்லிவிட்டு. நான் பருப்பைத் திரும்பச் சாக்குக்குள் கொட்டினேன்.

அன்று பின்னேரம் ஜெனிற்றா டிலுக்ஷனை முன்னால் இருத்திக் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன். “ஸ்கேன்ல நீங்களும்தானே இருந்த. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நீங்க அந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்லுங்க, இதயம் முதலே நிண்டுட்டுது, நான் என்ட கண்ணால கண்டன் எண்டு. ஊரில எல்லாரிட சாவையும் நீங்கதானே சொல்றீங்க. இதுக்கு மைக் வேணாம். வாயால சொன்னாக் காணும்.”

அவன் நிலத்தைப் பார்த்தான். “அப்பிடிச் சொன்னா அம்மா பொய் சொன்ன மாதிரி ஆகிடும்” என்றான்.

ஜெனிற்றா எழும்பினாள். அலுமாரியைத் திறந்து, கல்யாணத்தன்று அவன் கொண்டுவந்த அதே உடுப்புப் பையை எடுத்து, சேட்டுகளை மடித்து வைத்தாள். எவ்வளவு கோபத்திலும் கொலரை நேராக்கி மடித்தாள். “சொன்ன புறகு வாங்க” என்று பையை வாசலில் வைத்தாள்.

அவன் எங்கே வருவான்? நேரே என் கேற்றடிக்கு. அம்மா ஓடிப்போய்த் திறந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

“இது எனக்கு எழுதின வீடு. அம்மாக்கு ஒரு அறை கிடக்கு, அது அவ உயிரோட இருக்கிறவரைக்கும். உனக்கு அறை ஜெனிற்றாட வீட்டிலதான் கிடக்கு. அந்தக் கதவுக்குத் திறப்பு உன்ட வாய்க்குள்ளதான் கிடக்கு” என்றேன்.

“என்ட மகன் எங்க கா போவான்?” என்று அம்மா அழுதார்.

நல்ல கேள்வி. எங்கள் பக்கத்தில் ஆம்பிளைக்கு என்று வீடு இல்லை. தாயின் வீடு அக்காவுக்குப் போய்விட்டது, பெண்சாதியின் வீடு பெண்சாதியுடையது. கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றான், ஒலிபெருக்கியைத் தலையில் சுமந்த ஆட்டோவுக்குப் பக்கத்தில். பிறகு புறப்பட்டுப் போனான். ஒரு சிநேகிதன் வீட்டு விறாந்தையில் படுக்கிறான் என்று கேள்வி.

இது நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஜெனிற்றாவுக்கு இப்போது ஓடர் காத்தான்குடி முஸ்லிம் வீடுகளிலிருந்தும் வருகிறது. அங்கே என் அம்மாவின் வாய் எட்டாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் முட்டை உடைத்துக் கொடுப்பேன். ஜாம் மரத்தடியில் ஒரு கல் வைத்திருக்கிறாள், பெயர் ஒன்றும் எழுதவில்லை. சில நாட்களில் அங்கே போய் நிற்பாள். நான் கூப்பிட மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மா சலித்துக்கொண்டிருக்கும்போது ரோட்டில் அவன் குரல் போனது. யாரோ ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபரின் மரண அறிவித்தல். அன்னார் அன்புக் கணவராம், பாசமிகு தந்தையாம். ஜெனிற்றா சலிப்பதை நிறுத்திக் கேட்டாள். குரல் வீட்டைத் தாண்டிப் போனதும் திரும்பச் சலிக்கத் தொடங்கினாள்.

சற்று நேரத்தில் என் போன் அடித்தது. அவன்தான்.

“அக்கா” என்றான். “நான் யோசிச்சுப் பாத்தன். அவ சொல்றது நியாயம்தான். அந்த விசயத்த ஆக்களுக்குச் சொல்லத்தான் வேணும்.”

எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் தம்பி.

“அதான் அக்கா… நீ ஒருக்கா அந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிடன், நான் சொன்னதெண்டு.”

போனை வைத்தேன்.

“யாரு மச்சாள்?” என்று ஜெனிற்றா கேட்டாள்.

“ரோங் நம்பர்” என்றேன். அடுத்த முட்டையை உடைத்தேன்.